கார்னகி ஜூனியர் ஃபெலோ பணிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

வெளியுறவுக் கொள்கை பற்றி எழுதவும் ஆராயவும் ஆசைப்படுகிறவர்களுக்கு, பட்டம் வாங்கிய கையோடு கிடைக்கக்கூடிய அருமையான முதல் வேலைகளில் ஒன்று, வாஷிங்டனில் உள்ள கார்னகி சர்வதேச அமைதி அறக்கட்டளையின் ஜேம்ஸ் சி. கெய்தர் ஜூனியர் ஃபெலோ (இளநிலை ஆய்வாளர்) பணி. ஓராண்டு, முழுநேரம், சம்பளம் உண்டு. மூத்த ஆய்வாளர்களுக்குத் தகவல் திரட்டித் தருவது, கட்டுரைகளைச் சரிபார்ப்பது, சில சமயம் அவர்களோடு சேர்ந்து எழுதுவது என்று வேலை இருக்கும்.

பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருப்பவர்களும், முடித்து ஓராண்டுக்குள் இருப்பவர்களும் தகுதி உடையவர்கள். முதுகலையில் சேர்ந்துவிட்டால் தகுதி போய்விடும். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயமில்லை.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. இதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. திட்டத்தில் சேர்ந்துள்ள பல்கலைக்கழகம் உங்களை முன்மொழிய வேண்டும். கார்னகியின் கடைசித் தேதி வழக்கமாக ஜனவரி 15 என்பதால் டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். அதற்குள், யாரை முன்மொழிவது என்று பல்கலைக்கழகம் நடத்தும் உள்தேர்வு முடிந்துபோயிருக்கும். இறுதியாண்டு தொடங்கிய வாரமே, இத்தகைய விண்ணப்பங்களைக் கவனிக்கும் பல்கலைக்கழக ஃபெலோஷிப் அலுவலகத்துக்குப் போய், உள்தேர்வுத் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதங்கள் இரண்டு வேண்டும். பேராசிரியர்களுக்குக் குறைந்தது ஒரு மாத அவகாசம் கொடுங்கள். உங்கள் எழுத்தைத் திருத்திய ஆசிரியரின் கடிதம், பெயர் மட்டும் பெரிதாக உள்ளவரின் கடிதத்தைவிட மதிப்புள்ளது.

தெற்காசியா, அணு ஆயுதக் கொள்கை, தொழில்நுட்பம், மத்தியக் கிழக்கு என்று பிரிவுகள் பல உண்டு. ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். சில பிரிவுகள் அரபு, ரஷ்யன், சீனம் போன்ற மொழியறிவைக் கேட்கும். அதை முதலில் பாருங்கள்.

தேர்வைத் தீர்மானிப்பது கட்டுரைதான். பிரிவுக்கென்று கொடுக்கப்படும் கேள்விக்கு, இரட்டை வரி இடைவெளியில் மூன்று பக்கத்துக்குள் பதில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் ஏறக்குறைய 800 சொற்கள் கொள்ளும். அவர்கள் எதிர்பார்ப்பது ஆய்வேடு அல்ல, உங்கள் சிந்தனை. தெற்காசியாவில் சீனாவின் செல்வாக்கு பற்றிக் கேள்வி என்று வைத்துக்கொள்வோம். ‘இந்தியப் பெருங்கடல் பண்டைக்காலம் முதலே முக்கியமானது’ என்று தொடங்கினால் ஒரு பத்தி வீண். மாறாக, ‘இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனபோது வந்த பணம் துறைமுகக் கடனைத் தீர்க்கவில்லை, அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, எனவே இந்தியா துறைமுகத்துக்குத் துறைமுகம் போட்டியிடுவதைவிடக் கொழும்பின் கடன் நெருக்கடியில் கைகொடுப்பதே பயன் தரும்’ என்று முதல் பத்தியிலேயே நிலைப்பாட்டை வைத்துவிடுங்கள். அரைப் பக்கமாவது எதிர்வாதத்துக்கு ஒதுக்குங்கள், அதுவும் பலமான எதிர்வாதமாக இருக்கட்டும். இறுதியில் யார், எதை, எந்தச் செலவில் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். ‘இரு நாடுகளும் பேச்சு நடத்த வேண்டும்’ என்ற முடிவு கட்டுரையைக் கொன்றுவிடும்.

எஃப்-1 என்ற அமெரிக்க மாணவர் விசாவில் இருப்பவர்கள் காலண்டரை எடுத்து வைத்துக் கணக்குப் போட வேண்டும். படிப்பை ஒட்டி அமெரிக்காவில் வேலை பார்க்கத் தரப்படும் ஓபிடி அனுமதி 12 மாதம். படிப்பு முடிந்த 60 நாளுக்குள் அது தொடங்கியாக வேண்டும். மே நடுவில் படிப்பு முடிந்தால் ஜூலை நடுவில் ஓபிடி ஓடத் தொடங்கிவிடும். ஃபெலோ பணி அதற்குப் பிறகு தொடங்கினால், ஓராண்டு முடியும் முன்பே அனுமதி தீர்ந்துவிடும். கார்னகியோ முழு ஆண்டுக்கும் வேலை அனுமதி கேட்கிறது. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டம் என்றால் 24 மாத நீட்டிப்புக்கு வழி உண்டு. சில பல்கலைக்கழகங்களில் பொருளாதாரமே அந்த வகையில் வரும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இதை விண்ணப்பத்துக்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆயுதக் கட்டுப்பாட்டில் ஆர்வம் இருந்தால் ஸ்கோவில் அமைதி ஃபெலோஷிப்பையும் பாருங்கள். 1987-இல் தொடங்கிய திட்டம், ஆறு முதல் ஒன்பது மாதம், இதுவும் வாஷிங்டனில்தான். பெரும்பாலும் அமெரிக்கக் குடிமக்களுக்கே கிடைக்கும். அங்கே வசிக்கும் வெளிநாட்டவருக்கு எப்போதாவது தருகிறார்கள்.

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்தவர்களுக்கு நெருக்கமான வழி, பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை. அதில் ஓராண்டு முதுகலை படிக்கலாம். ஆனால் பட்டத்துக்குப் பிறகு உடனே முடியாது: 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்பார்கள், படித்து முடித்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும்.