தடைக்காலத்தில் ஒரு சிம்பொனி இரவு: மைக் செட்காரன் சொல்லும் வழி

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் மைக் செட் வைத்திருக்கிறேன். கொடியேற்றம், கந்தூரி, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டியவன். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் குழுவோடு தன் சிம்பொனியை, அதாவது பெரிய இசைக்குழு சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசையை, அரங்கேற்றியதும், "அண்ணே, அந்த மாதிரி இசையை நம்மூர்ல போட்டுக் கேக்க முடியுமா?" என்று பையன்கள் வந்து நின்றார்கள். தாராளமாக முடியும். ஒரு நாடு தன்னை யாரென்று சொல்லிப் பார்க்கிற இசையாக எடுத்து வைத்தேன். எல்லைக்கோடு தண்ணீருக்குள் ஓடுகிற ஊர்க்காரர்களுக்கு அது சீக்கிரம் பிடிபடும்.

முதலில் நாள். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். புதன் போனவர்கள் வியாழன் காலை கரைக்கு வந்து தூங்கி எழுந்துவிடுவார்கள், அதனால் வியாழன் ராத்திரி தோது. அதைவிட நல்லது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலம். பூசை, தொழுகை எல்லாம் முடிந்த பிறகு ஆரம்பியுங்கள். அறிவிப்பில் மட்டும் 'ஆர்கெஸ்ட்ரா' என்று போடாதீர்கள். சினிமாப் பாட்டுக் கச்சேரி என்று நினைத்து வந்து உட்கார்ந்துவிடுவார்கள், அப்புறம் உங்கள் பாடுதான்.

இடம், தகரக் கூரை மண்டபம் வேண்டாம். எல்லாம் எதிரொலித்துக் குழம்பிவிடும். பக்கம் திறந்த வலைக்கொட்டகை உத்தமம், காற்று வரும் பக்கம் மட்டும் ஒரு படுதா கட்டினால் போதும். குழாய் ஸ்பீக்கரைத் தொடவே தொடாதீர்கள். அது அறிவிப்புக்கு ஆனது. அதில் செல்லோ, டபுள் பாஸ் மாதிரி அடிக்குரல் தரும் பெரிய தந்தி வாத்தியங்கள் காணாமல் போய்விடும், வயலின் மட்டும் கீச்சிடும். இரண்டு பெரிய பாக்ஸ், உட்கார்ந்திருப்பவர்களின் காது உயரத்தில். எக்கோ, ரிவெர்ப் எல்லாம் பூஜ்யத்தில் இருக்கட்டும். போனிலிருந்து ப்ளூடூத்தில் விடாமல் ஒயர் போட்டு எடுங்கள். யூடியூபில் பல இசைக்குழுக்கள் தங்கள் கச்சேரிகளைத் தாங்களே போட்டிருக்கின்றன. அதில் 'ஸ்டேபிள் வால்யூம்' என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே மட்டமாக்குவதுதான் அதன் வேலை. இந்த இசைக்கு அது எமன்.

இனி முக்கியமான சங்கதி. எங்கள் தொழிலில் சத்தம் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவு. சிம்பொனி அப்படி இல்லை. கிளாரினெட் என்ற ஊதுகுழல் ஒன்று தனியாக முனகும், அடுத்த நிமிஷம் எண்பது பேர் சேர்ந்து இடிப்பார்கள். மெதுவாக வரும்போது பின்னாலிருந்து ஒருவர் "ஏய், கூட்டுப்பா" என்பார். கூட்டாதீர்கள். கூட்டினால் அடுத்த இடியில் பாக்ஸ் கிழியும், குழந்தை அலறும். முன்கூட்டியே வீட்டில் முழுதாகக் கேட்டு, அதிகச் சத்தம் வரும் இடத்துக்கு அளவு வைத்து, அதற்கு மேல் குமிழைத் திருகாமல் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஜெனரேட்டர் வைத்தால் தெரு முனைக்குத் தள்ளி வையுங்கள்.

என்ன போடலாம்? முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நான் முதலில் போடுவது மெக்ஸிகோவின் ஆர்துரோ மார்க்கெஸ் 1994-இல் எழுதிய 'டான்ஸோன் எண் 2'. பத்து நிமிஷம்தான். கிளாரினெட்டில் சோம்பலாகத் தொடங்கும், கூடவே இரண்டு குச்சிகள் தாளம் தட்டும், கடைசியில் கால் தானாக ஆடும். மெக்ஸிகோக்காரர்கள் அதை இரண்டாவது தேசிய கீதம் என்கிறார்கள். ஆனால் டான்ஸோன் என்ற அந்த ஆட்டமே கியூபாவிலிருந்து கடல் தாண்டி வந்தது. இதைப் பாட்டு முடிந்த பிறகு சொல்லுங்கள், முன்னால் சொன்னால் சுவை போய்விடும்.

அடுத்து பேலா பார்டோக். ஹங்கேரிக்காரர், ஒலியைப் பதிவு செய்யும் போனோகிராப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டுப் பிடித்தவர். ருமேனியக் கிராமத்தார் வாசித்த ஆட்ட மெட்டுகளை 1915-இல் பியானோவுக்கு எழுதி, 1917-இல் இசைக்குழுவுக்கு மாற்றினார். முதலில் வைத்த தலைப்பு 'ஹங்கேரியிலுள்ள ருமேனிய நாட்டுப்புற ஆட்டங்கள்'. 1920-இல் உடன்படிக்கை போட்டு அந்தக் கிராமங்கள் இருந்த நிலத்தை ருமேனியாவுக்குக் கொடுத்தார்கள், தலைப்பிலிருந்து ஹங்கேரி போய்விட்டது. மெட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், "1974-ல கச்சத்தீவு போன மாதிரி" என்றார். நான் அதற்குமேல் விளக்கவில்லை.

மூன்றாவது கொஞ்சம் சவாலானது. மெக்ஸிகோவின் கேப்ரியேலா ஓர்டிஸ் எழுதிய 'கௌயுமாரி', 2021-இல் லாஸ் ஏஞ்சலிஸில் அரங்கேறியது. அந்த நாட்டு விசாரிகா பழங்குடிகளின் ஒரு மெட்டு அதில் திரும்பத் திரும்ப வந்து பெருகும். மெட்டு பிடிபடவில்லை என்றால் தாள வாத்தியங்களை மட்டும் பின்தொடரச் சொல்லுங்கள். மலையில் வாழும் ஒரு கூட்டத்தின் பாட்டைப் பெரிய அரங்கில் மெக்ஸிகோவின் குரலாக வைக்கும்போது பெயர் யாருக்குப் போகிறது என்ற கேள்வியை இங்கே போடலாம். எனக்கு அந்தப் படைப்பு பிடிக்கும், கேள்வியும் பிடிக்கும்.

கடைசியில் பின்லாந்துக்காரர் சிபேலியஸின் 'பின்லாந்தியா'. 1899-இல், பின்லாந்து ருஷ்யப் பேரரசின் கீழ் இருந்தபோது எழுதியது. நடுவில் பிரார்த்தனை மாதிரி ஒரு மெட்டு வரும், எல்லோரும் அதைப் பழைய நாட்டுப் பாட்டு என்றே நினைப்பார்கள். அவரே இயற்றியது. இதை முதலில் போட்டால் ஜனங்கள் அதையே முணுமுணுத்துக்கொண்டு மற்றதைக் கேட்கமாட்டார்கள், அதனால்தான் கடைசி.

முடிந்ததும் பேச்சாளரை அழைக்காதீர்கள். கரைவலை இழுத்த பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் மைக்கைக் கொடுத்து, வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு கேளுங்கள். ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் "ஏலேலோ" என்று தாங்கட்டும். நாம் நாட்டைப் பற்றி ஒரு சிம்பொனி எழுதினால் இதில் எதை எடுப்போம், எதை விடுவோம் என்று பையன்களைக் கேளுங்கள். எங்களிடம் சண்டையே வந்தது. நல்ல சண்டை. பாடியவரிடம் கேட்டுவிட்டு அதைப் பதிவும் செய்யுங்கள், பாடியவர் பெயர், ஊர், தேதியைக் கோப்பிலேயே எழுதி வையுங்கள்.

ஒயரைச் சுருட்டுவதற்கு முன்னால் அதன் செருகு முனைகளையெல்லாம் காய்ந்த துணியால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள். விட்டால் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும், அடுத்த வாரம் பாக்ஸ் கரகரக்கும்.