படை ரோந்துடன் செல்லும் போலீசார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் நெருங்கும்போதும், ஊருக்கும் காலனிக்கும் இடையே மோதல் மூண்டு பதற்றம் நீடிக்கும்போதும் கடலூர் மாவட்டத்தில் துணை ராணுவப் படையினர் ரோந்து வருவதும், உள்ளூர் போலீசார் உடன் செல்வதும் நாம் அறிந்ததே. அந்தப் போலீஸ்காரரை வெறும் வழிகாட்டி என்று எண்ணுவதே முதல் தவறு. மக்கள் காரணம் கேட்கவும் புகார் சொல்லவும் அவர்கள் மொழி பேசும் ஒரு சட்ட அதிகாரி அந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதற்காகவே அவர் செல்கிறார்.

எங்கள் பகுதியில் ஒரு காலனி முகப்பில் நான் கண்டதை மறக்க முடியவில்லை. பைக்கில் வந்த பையனை நிறுத்திய ஜவான் இந்தியில் ஏதோ கேட்டார். உரிமத்தை எடுக்கப் பையன் சட்டைக்குள் கையை விட்டதும் ஜவானின் பிடி துப்பாக்கியில் இறுகியது. உதவி ஆய்வாளரோ பத்தடி தள்ளி ஜீப்பிலேயே அமர்ந்திருந்தார். அவர் இறங்கி வந்து, "லைசென்ஸை எடு தம்பி" என்று சொல்லியிருந்தால் அந்தப் பதைப்புக்கே இடமிருந்திருக்காது. காலனிப் பக்கம் மட்டும் வண்டிகளை நிறுத்திச் சோதித்துவிட்டு ஊர்த்தெருவைச் சும்மா கடந்து போவதும் இதே அளவு கெடுதலானது.

போலீசார் உடன் வந்தாலே நம்பிக்கை வந்துவிடும் என்பது இன்னொரு தவறான எண்ணம். கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையே மோதல் மூண்டு, 1969 முதல் 2007 வரை பிரிட்டிஷ் ராணுவம் நடவடிக்கையில் இருந்த வட அயர்லாந்தில், 1985 நவம்பர் 15 அன்று பிரிட்டனும் அயர்லாந்தும் செய்துகொண்ட ஆங்கிலோ-ஐரிஷ் ஒப்பந்தத்துடன் வெளியான கூட்டறிக்கை, மக்களோடு நேரடித் தொடர்புள்ள ராணுவ நடவடிக்கைகளில், மிகவும் விதிவிலக்கான சூழல் தவிர, போலீசார் இருப்பதை விரைவில் உறுதிசெய்வதை இலக்காக வைத்தது. ஆனால் அந்தக் காவல் படையில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்டுகள். ஆகவே கத்தோலிக்கர் பலருக்குச் சிப்பாயுடன் வந்த போலீஸ்காரரும் மறுதரப்பு ஆளாகவே தெரிந்தார். 2001இல் காவல் துறையையே மாற்றியமைத்து, புதிதாகச் சேர்ப்போரில் பாதிப்பேர் கத்தோலிக்கராக இருக்க விதி செய்ய வேண்டியதாயிற்று. ஒரு தரப்பின் ஆள் என்று பெயரெடுத்த அதிகாரியை இங்கே ரோந்துக்கு அனுப்புவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதிகார வரம்பிலும் குழப்பம் உண்டு. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும்படி படையினருக்கு ஆணையிட, உடன் வரும் உதவி ஆய்வாளருக்கு அதிகாரம் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 149ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரோ, அவர் அதிகாரமளித்த நிர்வாக நடுவரோ (எக்ஸிகியூட்டிவ் மாஜிஸ்திரேட்) அங்கிருந்து ஆணையிட வேண்டும். அப்போதும் இயன்ற அளவு குறைந்த பலத்தையே பயன்படுத்த வேண்டும். அதேபோல், ரோந்து பாகூர்ப் பக்கம் திரும்பினால் அது புதுச்சேரிக் காவல் துறையின் எல்லை என்பதால், அங்குள்ள போலீசாரை முன்கூட்டியே அழைத்துக்கொள்ளாமல் எல்லையைத் தாண்டக் கூடாது.