உடைத்து ஊற்றும் முட்டைக் குழம்பு

அவித்த முட்டையைக் குழம்பில் போடுவதைவிட, கொதிக்கும் குழம்பிலேயே முட்டையை உடைத்து ஊற்றி வேகவைப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த முறை. வெள்ளைக்கருவின் ஓரங்களில் புளிப்பும் காரமும் இறங்கியிருக்கும் அந்தச் சுவை அவித்த முட்டையில் கிடைப்பதில்லை.

4 முட்டைகளுக்கு 150 கிராம் சின்ன வெங்காயம், 2 தக்காளி, சிறிய நெல்லிக்காய் அளவு புளி போதும். நல்லெண்ணெயில் சோம்பு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, வெங்காயம், பூண்டு, தக்காளி ஆகியவற்றைச் சுருள வதக்கியபின், 2 தேக்கரண்டி மல்லித்தூள், 1 தேக்கரண்டி மிளகாய்த்தூள், சிறிது மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் புளிக்கரைசலை ஊற்றி, பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கும்வரை கொதிக்கவிட வேண்டும்.

கவனம் தேவைப்படுவது இதன் பிறகுதான். தீயைக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, கிண்ணத்தைக் குழம்பின் மேற்பரப்புக்கு மிக அருகில் கொண்டுசென்று, ஒன்றோடொன்று ஒட்டாதபடி இடைவெளி விட்டு மெதுவாகச் சரியவிடுங்கள். வெள்ளைக்கரு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே இறுகத் தொடங்கிவிடுவதால், தளதளவென்ற கொதிப்பு தேவையில்லை. அது முட்டையைச் சிதறடித்துக் குழம்பையும் கலக்கிவிடும். பழைய முட்டையின் வெள்ளைக்கரு நீர்த்துப் பரவும் என்பதால், தண்ணீரில் போட்டால் அடியில் படுத்துக் கிடக்கும் புதிய முட்டையே இதற்கு ஏற்றது. பாத்திரத்தை மூடி, 5 நிமிடங்கள் கரண்டியே போடாமல் இருங்கள். பின்பு மெல்லத் திருப்பிவிட்டு, மஞ்சள்கரு முழுவதும் இறுகும்வரை மேலும் சில நிமிடங்கள் வைத்து இறக்குங்கள்.

அரைமணி நேரம் ஊறியபின், சுடுசோற்றில் முட்டையைப் பிட்டுப் பிசைந்து உண்ண வேண்டும். தோசைக்கு என்றால் குழம்பைச் சற்றுக் கெட்டியாக வைத்துக்கொள்ளலாம்.