இரத்தம் ஊற வைன்: மலையக வீடுகளில் தொடரும் தவறுகள்

சாராயம் என்றாலே சண்டை வெடிக்கும் வீடுகளில்கூட, அலமாரி மேல்தட்டில் தைலப் புட்டிகளோடு ஒரு சிவப்பு வைன் போத்தல் நிற்பதுண்டு. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் இது புதிதல்ல. கேட்டால், “உடம்புக்கு நல்லது, இரத்தம் ஊறும்” என்பார்கள்.

ஊறாது. 150 மில்லிலீற்றர் வைனில் இருக்கும் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராமைக்கூட எட்டாது. கர்ப்பிணி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 மில்லிகிராம் வேண்டும். அந்தச் சொற்பமும் முழுதாக உடம்பில் சேர்வதில்லை. வைனுக்குத் துவர்ப்பைத் தரும் பொலிபீனோல்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்கின்றன. இரத்தம் ஊறட்டும் என்று சாப்பாட்டோடு ஊற்றிக் கொடுப்பது, சாப்பாட்டில் கிடைக்கவிருந்த இரும்பையும் குறைத்துவிடுகிறது.

தேயிலையால் வாழும் மண்ணில் சொல்லச் சங்கடம்தான், ஆனால் ரொட்டி தின்ற கையோடு குடிக்கும் சாயத் தேநீரும் இதே வேலையைத்தான் செய்கிறது. கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேநீரால் விழுங்குகிறவர்கள் எத்தனை பேர்! தேநீரை ஒரு மணிநேரம் தள்ளிப்போட்டு, முருங்கையிலைச் சுண்டலில் தேசிக்காய் பிழிந்து, கூடவே கொஞ்சம் நெத்தலிக் கருவாடும் வைத்துச் சாப்பிட்டால் அந்தப் போத்தலால் முடியாதது நடக்கும். விலையும் குறைவு.

பச்சை உடம்புக்காரிக்கு வைனோ பிராந்தியோ கொடுப்பது இதைவிடப் பெரிய தவறு. தாயின் இரத்தத்தில் எவ்வளவு மதுசாரம் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அளவு தாய்ப்பாலிலும் இருக்கும். கர்ப்ப காலத்தில் ஒரு மடக்குக்கும் இடமில்லை. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியையே அது பாதிக்கக்கூடும்.

“வைன்தானே, சாராயமா குடிக்கிறேன்?” என்பாருக்கு ஒரு சின்னக் கணக்கு. நூற்றுக்கு 13 வீதம் மதுசாரமுள்ள வைனில் 150 மில்லிலீற்றர் குடித்தால் சுமார் 15 கிராம் மதுசாரம் உள்ளே போகிறது. 33.5 வீதச் சாராயம் 50 மில்லிலீற்றரில் இருப்பது 13 கிராம். ஆக, வைன்காரர்தான் கொஞ்சம் முந்துகிறார். 750 மில்லிலீற்றர் போத்தல் முழுவதையும் காலி செய்தவர் கால் போத்தல் சாராயத்தைத் தாண்டிவிட்டார். வீட்டுத் தண்ணீர்க் குவளையில் ஊற்றினால் 150 எங்கே முடிகிறது என்பதே தெரியாது.

குளிருக்கு இதமாக இருக்கிறது என்பது பொய்யல்ல. தோலடி இரத்தக் குழாய்கள் விரிவதால் சூடேறியது போலத் தோன்றுகிறது, ஆனால் உடலின் உட்சூடு அந்த வழியாகவே வெளியேறுகிறது. நுவரெலியாவில் புல்லின் மேல் துகள்பனி படியும் ஜனவரி இரவில், குடித்துவிட்டு வெளியே நடப்பவருக்கு அது ஆபத்து.

இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு பெரிதாகப் பரவியது 1991இல், அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிலிருந்து. கொழுப்பு மிகுந்த உணவை உண்ணும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்புக் குறைவாக இருப்பதற்கு வைன் காரணமாகலாம் என்றது அது. பிறகு பெருமையெல்லாம் ரெஸ்வெரட்ரோல் என்ற பொருளுக்குப் போனது. ஒரு லீற்றர் வைனில் அது சில மில்லிகிராம்தான், ஆய்வுகளில் கொடுத்துப் பார்த்ததோ பெரும்பாலும் நூற்றுக்கணக்கில். அளவாக வைன் குடிப்போர் பலர் வசதியானவர்கள், நல்ல உணவு உண்பவர்கள் என்பதையும் பழைய ஆய்வுகள் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை. மதுபானங்கள் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வைன் குடிப்பது விபரீதம். மதுசாரத்தைக் கழிப்பதில் மூழ்கிய ஈரல், குறையும் சீனியை ஈடுகட்டாது. வியர்த்து, கைகால் நடுங்கி, பேச்சுக் குழறும்போது வெறி என்று நினைத்துப் படுக்கவிடுகிறார்கள். சீனி இறங்கியிருக்கலாம். நினைவோடு விழுங்க முடிந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

“குடிப்பழக்கம் உண்டா?” என்று டாக்டர் கேட்கும்போது, வைனைக் கணக்கில் சேர்க்காமல் “இல்லை” என்று சொல்லிவிடுகிறவர்கள் அதிகம். எந்தக் குவளையில், வாரத்துக்கு எத்தனை முறை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மருந்தின் அளவை அவர் அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கும்.