சௌந்தரைத் தேடியபோது

பழைய குற்றப் பதிவுத் தரவுத்தளத்தை போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். பெயர்களெல்லாம் 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம் குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் ஒரு முறை) இருந்தன; இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றியாயிற்று. திரையில் 'கோபால்' பளிச்சென்று தெரிகிறார், தேடினால் பூஜ்யம். இண்டெக்ஸை (தேடல் அட்டவணை) மறுபடி கட்டியும் கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிடும், வரிசைப்படுத்தும் விதி) மாற்றியும் பலனில்லை. சேமித்த எண்களை ஹெக்ஸில் (பதினாறடி எண் வடிவம்) பார்த்தால், 'ோ' ஒரே குறியாக இல்லாமல் கொம்பும் காலுமாகப் பிரிந்து கிடந்தது. பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் விதியான என்எஃப்சி இயல்பாக்கம் சேர்த்துவைத்தது.

'சௌந்தர்' மட்டும் அகப்படவில்லை. அங்கே 'ௌ'-வின் பின்பாதி ஔகாரக் குறியே அல்ல, அதேபோலத் தெரியும் சாதாரண 'ள'. அதை என்எஃப்சி தொடாது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'வெள்ளைச்சாமி' சிதைந்துபோவார். கொம்பை அடுத்து வரும் ளகரத்துக்குப் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் விட்டுவிடு, மற்றதை மாற்று என்று விதி எழுதினேன். அப்பாடா, வந்தார். தேடும் சொல்லுக்கும் இதே வடிகட்டி. திருத்திய பெயர் அட்டவணையில் தனி நெடுவரிசையில். அசலைத் தொடவில்லை, நீதிமன்றத்தில் கேட்பார்கள்.