ஸ்பீக்கரை மாற்றுமுன் வயரைப் பாருங்கள்

பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, போதவில்லை என்று அதைத் தரும் ஐந்தரை அங்குல வூஃபருக்குப் பதிலாக எட்டு அங்குல ஜோடி ஒன்றை வாங்கினேன். பழையதைக் கழற்றும்போது இடது பெட்டியின் சிவப்பு முனையில் கறுப்பு வயர் இருந்தது. ஒரு பெட்டியில் ஒலியெழுப்பும் கோன் முன்னே வரும்போது மற்றதில் பின்னே போயிருக்கிறது. தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதில் மூன்று வருடம் போய்விட்டது. வயரை மாற்றிச் செருகியதும் அதே சின்னப் பெட்டியில் மிருதங்கத்தின் தொப்பி எழுந்து வந்தது.

இதைச் சோதிப்பது எளிது. ஒற்றைக் குரல் பாடும், இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வரும் மோனோ பதிவைப் போட்டு இரண்டு பெட்டிக்கும் நடுவில் உட்காருங்கள். குரல் நட்டநடுவில் நின்றால் சரி. இடமே இல்லாமல் பரவி மிதந்தால் வயரைப் பாருங்கள்.

அடுத்தது அறை. நம் வீடுகளில் ஸ்பீக்கரை மூலையில் தள்ளி வைப்பதுதான் வழக்கம். மூலை பேஸை ஊதிப் பெரிதாக்கும், தெளிவைக் கெடுக்கும். 10 அடிக்கு 12 அடி அறையில் 56, 47 ஹெர்ட்ஸ் அருகே உள்ள பேஸ் ஒலி தானாகவே தேங்கும். எந்த விலைக்கு வாங்கினாலும் அந்தத் தேக்கம் போகாது. பெட்டியைச் சுவரிலிருந்து அரை அடி அரை அடியாக முன்னே நகர்த்திக் கேளுங்கள். உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். டைல்ஸ் தரையில் ஒரு ஜமக்காளம் விரித்தாலே குரலின் கூச்சல் அடங்கும்.

1970-களில் பி.பி.சி. தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்.எஸ்.3/5ஏ என்ற சிறிய ஸ்பீக்கரை வடிவமைத்தது. கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக் கேட்க அது அருமையானது. அதைப் பெரிய ஹாலில் வைத்துவிட்டு அதிரவில்லை என்று குறை சொல்வது நியாயமில்லை.

கடையில் இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும். வாட்ஸ் கணக்கிலும் ஏமாற வேண்டாம். ஆம்ப்ளிஃபயரின் திறனை இரட்டிப்பாக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான். ஒரு வாட்டில் 84 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கருக்கு 4 வாட்ஸ் வேண்டிய இடத்தில் 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் போதும்.

பழைய ஸ்பீக்கர் கரகரத்தால் உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வூஃபரின் ஓரத்தில் உள்ள ஃபோம் வளையத்தை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் அது மக்கி, பிசுபிசுத்து, கையோடு வந்துவிடும். கோனும் அதை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலும் நன்றாக இருந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். ஒட்டும்போது கோனை நான்கு விரலால் சமமாக அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் காயில் நடுவிலிருந்து விலகியிருக்கிறது, பசை காயுமுன் திருத்திவிட வேண்டும்.

என் ஐந்தரை அங்குல ஜோடிக்கும் அப்படித்தான் மாற்றினேன். இப்போது படுக்கையறையில் காலைக் கச்சேரி அதில்தான்.