ஆட்டுத் தோலுக்கு நான்கு மூலை கிடையாது: தொழிற்கல்வியைப் பாடத்தோடு இணைக்கும் ஆசிரியர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் மும்பை மாதுங்காவில் நடந்த பயிற்சியில் ஓர் இளம் கணித ஆசிரியை கரும்பலகையில் எழுதினார்: "ஒரு தையல்காரரிடம் 40 மீட்டர் துணி இருக்கிறது. ஒரு சட்டைக்கு 2 மீட்டர் வேண்டும். எத்தனை சட்டை தைக்கலாம்?" எழுதிவிட்டு, பாடத்தையும் தொழிலையும் சேர்த்துவிட்ட மகிழ்ச்சியோடு திரும்பினார். "துணியின் அகலம் என்ன?" என்று கேட்டேன். விழித்தார். 36 அங்குலத் துணிக்கும் 58 அங்குலத் துணிக்கும் ஒரே கணக்குச் செல்லாது என்பது தாராவியில் காஜா எடுக்கும் பையனுக்கும் தெரியும்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கணக்கின் தங்கைதான் அது.

கருவிகளை எண்ணி வைப்பது, பாதுகாப்புக் கண்ணாடி வாங்குவது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டறையை மிதிக்காமல் கணக்கு எழுதுவது

என் கணக்கு இதுதான். 6 சதுர அடி ஆட்டுத் தோல் இருக்கிறது. பணப்பை ஒன்றுக்கு 8 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் உள்ள துண்டு வேண்டும். எத்தனை பணப்பை செய்யலாம்? 864-ஐ 72-ஆல் வகுத்தால் 12. பரப்பளவு, அலகு மாற்றம், வகுத்தல் மூன்றும் ஒரே கணக்கில் வந்துவிட்ட பெருமையில், பயிற்சிக்கு வந்த நாற்பது ஆசிரியர்களுக்கும் நகல் எடுத்துக் கொடுத்தேன்.

என் வகுப்பில் ஒரு பையன் 9 என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் சுழித்தேன். அவன் வாய் திறக்கவில்லை. பள்ளி விட்டதும் மாமாவின் தோல் பட்டறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவன் என்பது பிறகுதான் தெரிந்தது.

தாளை எங்கள் தொழிற்கல்விப் பயிற்றுநரிடம் காட்டினேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. படித்துவிட்டு, "டீச்சர், நான்கு மூலையும் நேராக இருக்கிற ஆடு எந்த ஊரில் மேய்கிறது? எனக்கும் இரண்டு தோல் வாங்கித் தாருங்கள்" என்றார்.

பிறகு ஒரு தோலை விரித்துக் காட்டினார். ஓரமெல்லாம் வளைவு. கழுத்துப் பக்கம் சுருக்கம். வயிற்றுப் பக்கம் இழுத்த இழுப்புக்கு வரும், அதில் பையின் வெளிப்புறத்தை வெட்டினால் சில மாதத்தில் தொய்ந்துவிடும். நடுவே முள் கிழித்த தழும்பு. இடுப்பு வாரென்றால் முதுகெலும்பின் போக்கில்தான் வெட்ட வேண்டும், அங்கேதான் தோல் நீளாது. அட்டையில் வெட்டிய மாதிரியை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்து ஒன்பது துண்டு எடுத்தார். பத்தாவதும் எடுத்திருக்கலாம். வயிற்றுப் பக்கம் போய்விடும் என்று விட்டுவிட்டார்.

பையன் எழுதியதுதான் சரி.

எனக்கு உறைத்தது அதற்குப் பிறகுதான். சதுர அடி 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தோலின் விலை 480. என் விடைப்படி ஒரு பணப்பைக்குத் தோல் செலவு 40 ரூபாய், அண்ணாச்சியின் கைப்படி 53 ரூபாய்க்கு மேல். என் கணக்கை நம்பி விலை சொல்பவன் ஒவ்வொரு பையிலும் 13 ரூபாய் விட்டுக்கொண்டே இருப்பான். கழிவு 25 விழுக்காடு. ஒழுங்கற்ற வடிவத்தின் பரப்பை அளப்பது, விழுக்காடு, அடக்க விலை என்று நான் கற்பிக்க வேண்டிய பாடமெல்லாம் அந்த மேசையின் மேலேயே விரிந்து கிடந்தது. நானோ, பட்டறையில் கணக்கு இல்லை என்று நினைத்து வெளியிலிருந்து சுமந்துகொண்டு போயிருந்தேன்.

அந்த நாற்பது நகல்களைத் திரும்ப வாங்க முடியவில்லை. இன்றும் என் கணக்கு ஏதாவது ஒரு வினாத்தாளில், எண் மட்டும் மாறி, தலைகாட்டுகிறது. பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடிக்கிறேன்.

இப்போது என் பயிற்சியில் முதல் இரண்டு நாள் சாக்பீஸுக்கு வேலை இல்லை. பட்டறையில் நின்று, கைவினைஞர் அளக்கும் ஒவ்வோர் அளவையும், அளக்காமல் கண்ணாலேயே மதிப்பிடும் ஒவ்வோர் இடத்தையும் குறித்து வர வேண்டும். பாடநூல் மூன்றாம் நாள்தான் வெளியே வரும்.

இரு தரப்பையும் தனித்தனியே உட்காரவைப்பது

கணித ஆசிரியர்களுக்குத் தனி அறை, தொழிற்கல்விப் பயிற்றுநர்களுக்குத் தனி அறை. தேநீர் மட்டும் பொது. இப்படி நடத்துவதற்கு நடத்தாமலே இருக்கலாம்.

அமெரிக்காவில் 2004-05 கல்வியாண்டில் ஒரு பெரிய சோதனை நடந்தது. தொழிற்கல்வி ஆசிரியருக்கு ஒரு கணித ஆசிரியரை இணையாகச் சேர்த்தார்கள். வகுப்பு எடுத்தவர் தொழிற்கல்வி ஆசிரியரே. பாடம் ஏழு படிகளில் செல்லும். முதலில் வேலை, அதற்குள் இருக்கும் கணக்கு, அதைப் போன்ற வேறு வேலைகள். கணிதத் தேர்வில் வருவது போன்ற கணக்கு ஐந்தாம் படியில்தான் வரும். மாணவர்களின் தொழில் அறிவு குறையவில்லை, பொதுக் கணிதத் தேர்வுகளில் முன்னேற்றமும் தெரிந்தது. நம் ஊரில் ஐந்தாம் படியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம்.

குலக்கல்விக் கேள்விக்குத் தயாராகாமல் போவது

பெற்றோர் கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்தார். "இது ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்விதானே அம்மா?" என்றார். அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பாவின் தொழில் என்று 1953-இல் வந்து, 1954-இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் கைவிடப்பட்ட திட்டம். ஊரைவிட்டு வந்து தாராவியில் மூன்று தலைமுறை ஆன குடும்பங்களும் அதை மறக்கவில்லை. தொழிற்பிரிவுக்கும் ஏட்டுக் கல்விக்கும் இடையே கடும் பிரிவினை கூடாது என்கிறது 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். தோல் பட்டறைக்காரரின் மகளை மின்கம்பி வேலைக்கும், வங்கி ஊழியரின் மகனைத் தையலுக்கும் அனுப்பியிருந்த அட்டவணையைக் காட்டிய பிறகே உட்கார்ந்தார். அப்பாவின் தொழிலைக் கேட்டு மாணவனுக்குப் பிரிவு ஒதுக்கும் ஆசிரியரை நான் பயிற்சியிலிருந்து எழுப்பி அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஒருநாள் பயிற்சி

தீமிதிப்பதற்கே பல நாள் விரதம் இருக்கிறோம்.

மதிப்பெண்ணைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

பார்க்க மாட்டீர்கள். பிப்ரவரி வந்ததும் பொதுத்தேர்வைக் காட்டிப் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள். இரண்டு ஆசிரியர்களும் கையெழுத்திடும் ஒரே மதிப்பெண் தாள் ஜூன் மாதமே தலைமை ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டும்.